கேசட் விளையாட்டும் செல்லரித்த பதிவேடும்

பழைய வீடியோ கேம்களைக் கையடக்கக் கருவியில் ஓடவைப்பது திருட்டு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது சின்னப் பிள்ளைகள் சமாசாரம் என்று சொல்பவர்கள் அதைவிட அதிகம். நான் இரண்டையும் ஒப்புக்கொள்வதில்லை. எழுபதைத் தாண்டிய ஓய்வுபெற்ற குமாஸ்தாவுக்கு இதில் என்ன பேச்சு என்று கேட்பீர்கள். வேலைக்காலம் முழுவதும் நான் செய்தது அசலைப் பார்த்து நகல் எழுதுவதும், அது உண்மை நகல்தான் என்று மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்குவதும்தான். ஆகவே நகலைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

முதலில் பொருள் என்ன என்று சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் நம் வீட்டுப் பிள்ளைகள் டிவியில் மாட்டி விளையாடிய பெட்டி நினைவிருக்கும். கனமான பிளாஸ்டிக் கேசட்டை மேலே செருகினால் மீசை வைத்த மாரியோ திரையில் ஓடுவான். ஓடாவிட்டால் கேசட்டைக் கழற்றி வாயால் ஊதி மறுபடி செருகுவார்கள். அந்தப் பெட்டியின் மூலம் ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் வெளியிட்ட ஃபாமிகாம். நம் ஊர்க் கடைகளில் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை அதைப் பார்த்துச் செய்த போலிகள். பிள்ளைகளுக்கு அசல் எது, போலி எது என்று தெரியாது. வாங்கிக் கொடுத்த நமக்கும் தெரியாது.

இப்போது என் பேரன் கையில் இருப்பது சீனாவில் செய்த, சட்டைப் பைக்குள் அடங்குகிற ஒரு கருவி. மூன்றரை அங்குலத் திரை, இடது பக்கம் திசைப் பொத்தான், வலது பக்கம் நான்கு பொத்தான், அடியில் மெமரி கார்டு. அதில் ஃபாமிகாம் விளையாட்டும் ஓடுகிறது, கேம் பாய் விளையாட்டும் ஓடுகிறது, பிளேஸ்டேஷன் விளையாட்டும் ஓடுகிறது. ஒரே கருவி எப்படி இத்தனை பழைய பெட்டிகளாக நடந்துகொள்கிறது என்று அவனைக் கேட்டேன்.

“தாத்தா, எமுலேட்டர்னு ஒரு புரோகிராம் இருக்கு. பழைய மெஷின் என்னென்ன செய்யுமோ அதையெல்லாம் அது அப்படியே செஞ்சு காட்டும்” என்றான்.

புதுச்சேரிக்காரனுக்கு இதை விளக்க ஒரு வார்த்தை போதும்: துபாஷி. கவர்னர் துய்ப்ளேக்குத் தமிழ் தெரியாது. அவரைப் பார்க்க வந்த நம்மவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பிரெஞ்சு தெரியாது. நடுவில் ஆனந்தரங்கப் பிள்ளை நின்றார். எமுலேட்டரும் அப்படித்தான். பழைய விளையாட்டு தன் காலத்துச் சில்லுக்குப் புரியும் பாஷையில் கட்டளை இடுகிறது. புதுக் கருவியின் சில்லுக்கு அந்தப் பாஷை தெரியாது. நடுவில் நிற்கும் எமுலேட்டர் ஒவ்வொரு கட்டளையையும் வாங்கி, புதிய சில்லுக்குப் புரியும்படி சொல்லி, வரும் விடையைப் பழைய முறைப்படியே திருப்பிக் கொடுக்கிறது. விளையாட்டுக்குத் தான் இடம் மாறியதே தெரியாது.

இதற்குப் புதுக் கருவி பழையதைவிடப் பல மடங்கு வேகமாக இருக்க வேண்டும். அது கஷ்டமில்லை. ஃபாமிகாமின் வேலை நினைவகம் வெறும் 2 கிலோபைட். இந்தக் கட்டுரையில் அரைப் பக்கம்கூட அதில் அடங்காது. 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட்தான். நீங்கள் கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைப்போல் ஐம்பது மடங்கு, நூறு மடங்கு இருக்கும். அந்தச் சிறு இடத்துக்குள் 32 கட்டங்கள், பாட்டு, ஓட்டம், குதிப்பு எல்லாவற்றையும் அடைத்த மனிதர்களின் சிக்கனத்தை நினைத்தால், மாதக் கடைசியில் குடும்பம் நடத்திய நம் வீட்டுப் பெண்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

நானும் விளையாடுகிறேன். மறைப்பானேன்? மாரியோ எனக்குக் குழியில் விழுந்துகொண்டே இருக்கிறான். டெட்ரிஸ் பரவாயில்லை. மேலிருந்து விழும் கட்டிகளைத் திருப்பி அடுக்கும் விளையாட்டு அது. 1984-இல் மாஸ்கோவில் அலெக்சேய் பஜித்னோவ் என்பவர் எழுதியது. 1989-இல் கேம் பாயோடு உலகம் முழுக்கப் பரவியது. கைப்பேசி விளையாட்டுகளைப் போல இவை நடுவில் விளம்பரம் காட்டுவதில்லை, காசு கேட்பதில்லை, நெட் கேட்பதில்லை, இன்றைக்கு ஏன் வரவில்லை என்று மணி அடிப்பதில்லை. எந்த இடத்திலும் அப்படியே நிறுத்திச் சேமித்து வைக்கலாம். மாத்திரை சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து போய்விட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த வசதி பழைய பெட்டியிலேயே கிடையாது, எமுலேட்டர் கொடுத்தது.

என்னோடு பிரெஞ்சுப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நண்பர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, “ஏம்ப்பா, கோயிலுக்குப் போற வயசுல உனக்கு இதெல்லாம் தேவையா?” என்றார். “கோயில் சாயங்காலம்தானேப்பா திறக்கிறாங்க, மத்தியானம் என்ன செய்யறது?” என்றேன். சிரித்தார். ஆனால் அடுத்துக் கேட்ட கேள்வி சிரிப்பில்லை. “சரி, அதுல இருக்கிற ஆட்டத்தையெல்லாம் நீ காசு குடுத்தா வாங்கினே? ஊரான் சொத்துதானே?”

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எமுலேட்டர் ஒன்று, விளையாட்டுக் கோப்பு வேறொன்று. துபாஷி எந்தப் பாஷை பேசினாலும் குற்றமில்லை. பிளேஸ்டேஷனைப் போல நடந்துகொள்ளும் ஒரு மென்பொருளைக் கனெக்டிக்ஸ் என்ற நிறுவனம் விற்றபோது சோனி வழக்குப் போட்டது. 2000-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எமுலேட்டர்களைப் பல காலம் அனுமதிக்காத ஆப்பிள் நிறுவனமும் 2024 ஏப்ரலில் தன் விதியை மாற்றி, பழைய விளையாட்டுகளுக்கான எமுலேட்டர்களைத் தன் கடையில் வைக்க இடம் கொடுத்தது. அவ்வளவு ஏன், நிண்டெண்டோவே 2016-இல் தன் பழைய பெட்டியைச் சின்னதாகச் செய்து, 30 விளையாட்டுகளை உள்ளே வைத்து விற்றதே, அதற்குள் இருந்ததும் எமுலேட்டர்தான். அதை எழுதியது நிண்டெண்டோவின் பாரிஸ் கிளை என்பது எங்களைப் போன்ற பிரெஞ்சுப் பள்ளிக்காரர்களுக்கு ஒரு சிறு பெருமை.

கோப்பு விஷயம் அப்படியில்லை. கடையில் இன்று விற்பனையில் இருக்கும் விளையாட்டைக் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்வது திருட்டுத்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கடைகளில் விற்றுக்கொண்டிருக்கும்போதே அதற்கு எமுலேட்டர் செய்த யூசு என்ற கூட்டத்தார் மேல் வழக்கு வந்து, 2024 மார்ச்சில் 24 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு கடையைக் கட்டினார்கள். அவர்களுக்காக நான் பரிந்து பேச மாட்டேன். பத்தாயிரம் விளையாட்டை மெமரி கார்டில் நிரப்பிக் கருவியோடு சேர்த்து விற்கிறார்களே, அவர்களுக்காகவும் பேச மாட்டேன். அவர்களுக்கு விளையாட்டின் மேல் அன்பு ஒன்றுமில்லை. பேரன் கருவியோடு வந்த கார்டு ஆறு மாதத்தில் செத்தது. அதில் இருந்ததில் பாதி ஒரே விளையாட்டு வெவ்வேறு பெயரில்.

என் கேள்வி வேறு. கடையிலேயே கிடைக்காத விளையாட்டை என்ன செய்வது?

2023-இல் அமெரிக்காவில் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை ஒரு கணக்கு எடுத்தது. 2010-க்கு முன் அந்த நாட்டில் வெளியான விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 இன்று எந்த முறையான கடையிலும் கிடைப்பதில்லை என்று கண்டார்கள். காசை நீட்டினாலும் வாங்க ஆளில்லை. பழைய கேசட்டைத் தேடிப்பிடித்து வாங்கலாம். ஆனால் அதற்கும் ஆயுள் உண்டு. ஆட்டத்தைச் சேமிக்கும் கேசட்டுகள் பலவற்றுக்குள் பொத்தான் அளவு பேட்டரி ஒன்று இருக்கும். அது தீர்ந்தால் சேமித்ததெல்லாம் போச்சு. குறுந்தகடுகள் வெளுத்துப் போகின்றன. பெட்டிகளுக்குள் மின்தேக்கிகள் கசிகின்றன. கேசட்டாக இல்லாமல் நெட் வழியே விற்ற விளையாட்டுகளின் கதி இன்னும் மோசம். நிண்டெண்டோ 2019 ஜனவரியில் வீ கருவியின் இணையக் கடையை மூடியது. 2023 மார்ச்சில் 3டிஎஸ், வீ யூ கருவிகளின் கடைகளையும் மூடியது. அந்தக் கடைகளில் மட்டுமே விற்ற விளையாட்டுகளை அதற்குப் பின் யாரும் முறையாக வாங்க முடியாது.

“போனால் போகட்டும், விளையாட்டுத்தானே” என்று சொல்லிவிடலாம். சினிமாவைப் பற்றியும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னோம். முதல் தமிழ்ப் பேசும் படம் காளிதாஸ், 1931. இன்று அதன் பிரதி கிடையாது. அதற்கும் முன்னால் நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த மௌனப் படம் கீசக வதம், அதுவும் கிடையாது. கூத்தாடிகள் சமாசாரம் என்று அன்று பெரிய மனிதர்கள் ஒதுக்கினார்கள். இன்று அந்தப் படத்தில் ஒரு நிமிடம் கிடைத்தாலும் விழா எடுப்போம். அப்போது யாராவது ஒரு ஆள் திருட்டுத்தனமாகவாவது ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தால் அவனைத் திருடன் என்போமா, புண்ணியவான் என்போமா?

எங்கள் ஊருக்கு இதில் ஒரு அனுபவம் உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் எழுதும் பதிவேட்டை எத்தா சிவில் என்போம். அதை ஒரு பிரதியோடு விடுவதில்லை. மேரியில் ஒன்று, நீதிமன்றத்தில் ஒன்று. போதாதென்று 1776 ஜூனில் வெர்சாயில் ஒரு ஆணை பிறந்தது: காலனிகளின் பதிவேடுகளுக்கு மூன்றாவது பிரதி எழுதி பிரான்சுக்கு அனுப்ப வேண்டும். ஈரமும் பூச்சியும் சண்டையும் காகிதத்தைத் தின்றுவிடும் என்று அன்றே கணக்குப் போட்டார்கள். அதன் பலன் இன்றைக்கும் கிடைக்கிறது. இங்கே பக்கம் செல்லரித்துப்போன ஒரு கொள்ளுத்தாத்தாவின் பெயர், தெற்குப் பிரான்சில் எக்ஸான்ப்ரோவான்ஸ் ஆவணக் காப்பகத்தில் இருக்கும் பிரதியில் பத்திரமாக இருக்கிறது. தேசியத்துக்காகவும் பென்ஷனுக்காகவும் அலைந்த எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த மூன்றாவது பிரதி சோறு போட்டிருக்கிறது. அதை உட்கார்ந்து கையால் எழுதிய குமாஸ்தா யாரென்று தெரியாது. என் ஜாதி ஆள் அவர்தான்.

அதில் கவனிக்க வேண்டியது, அந்த நகல் தனியாள் ஆசைக்கு எடுத்ததல்ல, சட்டம் எடுக்கச் சொன்னது. விளையாட்டு விஷயத்தில் இல்லாதது அதுதான். பிரான்சில் இருக்கிறது. அச்சிடும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு பிரதி அரசு நூலகத்துக்குத் தர வேண்டும் என்று முதலாம் பிரான்சுவா மன்னர் 1537-இலேயே ஆணையிட்டார். தெப்போ லெகால் என்பார்கள். காலத்துக்கேற்ப அது வளர்ந்தது. 1992-இல் வந்த சட்டம் மென்பொருளையும் அதற்குள் கொண்டுவந்தது. அதனால் பிரான்சின் தேசிய நூலகத்தில் ராசீனும் மோலியேரும் இருக்கும் அதே கூரையின் கீழ் வீடியோ கேம்களும் இருக்கின்றன. அவற்றைக் காலத்துக்கும் ஓடவைக்கும் வழிகளில் ஒன்றாக எமுலேட்டரையும் அவர்கள் வைத்திருக்கிறார்கள். ராசீனுக்குக் கோபம் வந்ததாகத் தகவல் இல்லை.

நம் நாட்டிலும் இப்படி ஒரு சட்டம் உண்டு, 1954-இல் வந்தது. அச்சாகும் புத்தகத்தில் ஒன்று கொல்கத்தா தேசிய நூலகத்துக்கு, ஒன்று சென்னை கன்னிமாராவுக்கு என்று பதிப்பாளர் அனுப்ப வேண்டும். புத்தகமும் செய்தித்தாளும் அதில் உண்டு. மென்பொருள் இல்லை. காப்புரிமைச் சட்டத்தில் இரண்டு சின்ன ஜன்னல்கள் திறந்திருக்கின்றன. முறையாக வாங்கிய கணினி நிரல் கெட்டுப்போனால் என்ன செய்வது என்பதற்காக, வைத்திருப்பவர் ஒரு காப்பு நகல் எடுத்துக்கொள்ளலாம் என்று 52-ஆவது பிரிவு சொல்கிறது. அதே பிரிவு, லாப நோக்கில்லாத பொது நூலகம் தன்னிடம் உள்ள நூலை மின்வடிவில் சேமித்துப் பாதுகாக்கலாம் என்றும் சொல்கிறது. ஆனால் நூலகத்தில் முன்பே டிஜிட்டல் அல்லாத பிரதி இருக்க வேண்டுமாம். வீடியோ கேமுக்கு டிஜிட்டல் அல்லாத பிரதிக்கு எங்கே போவது? பிறக்கும்போதே டிஜிட்டலாகப் பிறந்த பிள்ளைக்கு ஓலையில் எழுதிய ஜாதகம் கேட்கிற மாதிரி இருக்கிறது.

நிறுவனங்கள் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. “இன்றைக்கு விற்காவிட்டாலும் நாளைக்கு மறுபடி வெளியிடுவோம், இலவசமாகப் பரவிவிட்டால் யார் வாங்குவார்கள்?” என்கிறார்கள். நூலகங்கள் பழைய விளையாட்டுகளை ஆராய்ச்சி செய்பவர்களுக்கு நெட் வழியே காட்ட அனுமதி கேட்டபோது, அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்ததும் இதே பயத்தால்தான். பயம் பொய்யில்லை. ஆனால் நூலகத்தில் புத்தகம் இருப்பதால் புத்தகக் கடைகள் மூடிவிடவில்லை. மறுபடி வெளியிடப் போகிற நிறுவனத்துக்கு நூலகத்தில் ஒரு நல்ல பிரதி இருப்பது லாபம்தான், ஏனென்றால் அந்த நிறுவனமே நாளைக்கு இருக்குமா என்று யாருக்குத் தெரியும்? கம்பெனி திவாலானாலும் அதன் விளையாட்டின் உரிமை செத்துப்போவதில்லை. யார் பெட்டியிலோ காகிதமாகக் கிடக்கும். கேட்டால் பதில் சொல்ல ஆளிருக்காது. உரிமை இருக்கிறது, உரியவர் இல்லை. அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த மாதிரிக் கோப்புகள் புதிதல்ல. முடிவெடுக்க ஆளில்லாத கோப்பை என்ன செய்வோம்? கட்டி அலமாரியில் வைப்போம். கரையான் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

என்னைக் கேட்டால் செய்ய வேண்டியது மூன்று. 1954 சட்டத்தில் மென்பொருளையும் சேர்த்து, இங்கே வெளியாகும் ஒவ்வொரு விளையாட்டிலும் பூட்டில்லாத ஒரு பிரதி தேசிய நூலகத்துக்கு வர வேண்டும் என்று எழுத வேண்டும். நூலகக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து எமுலேட்டரில் அதை ஓட்டிப் பார்க்க அனுமதிக்க வேண்டும். இத்தனை வருடம் விற்பனைக்கு வராத விளையாட்டு என்று ஒரு காலக்கெடு வைத்து, அதன் பிறகு உரிமையாளர் எதிர்ப்புச் சொல்லாவிட்டால் பொதுநூலகங்கள் வெளியேயும் தரலாம் என்று ஆக்க வேண்டும். எதிர்ப்புச் சொல்ல ஆறு மாதம் கெடு கொடுத்து கெசட்டில் போடுங்கள். நிலத்துக்கும் வீட்டுக்கும் செய்கிற அதே முறைதான்.

அதுவரை நாம் செய்யக்கூடியதும் உண்டு. வீட்டுப் பரணில் அந்தப் பழைய டிவி கேம் பெட்டி இருந்தால் காயலான் கடைக்குப் போடாதீர்கள். நம் ஊரில் விற்ற பெட்டிகள் எங்கே செய்தவை, கேசட்டுக்குள் எந்த ஆட்டத்தை எந்தப் பெயரில் அடைத்தார்கள் என்ற விவரமெல்லாம் ஜப்பான்காரன் வைத்திருக்க மாட்டான். கேசட்டின் மேல் ஒட்டிய தாள் முதற்கொண்டு நம் வீட்டுச் சரித்திரம் அது. அசல் கேசட்டாக இருந்தால், அதை யூஎஸ்பி வழியே படித்துக் கோப்பாக எடுக்கும் சிறு கருவிகள் கிடைக்கின்றன. பேரப்பிள்ளைகளுக்கு அந்த வேலை தெரியும். நம் கேசட்டிலிருந்து நாமே எடுத்த நகலைக் கையடக்கக் கருவியில் போட்டு விளையாடுவதில் மனசாட்சி உறுத்தாது. கருவி வாங்கும்போது விளையாட்டு நிரப்பிய கார்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விற்பனையில் இருக்கும் விளையாட்டைக் காசு கொடுத்தே வாங்கச் சொல்லுங்கள்.

என் நண்பருக்கு நான் சொன்ன பதில் இதுதான். ஊரான் சொத்தை எடுப்பது தவறு. அதில் இரண்டு பேச்சில்லை. ஊரான் விட்டுவிட்டுப் போன சொத்து நம் கண்ணெதிரே செல்லரிக்கும்போது, நகல் எடுக்க ஒரு முறையைக்கூட வகுக்காமல் கையைக் கட்டி உட்கார்ந்திருப்பதும் தவறுதான். இரண்டாவது தவறுக்குத் தண்டனை எந்தச் சட்டத்திலும் இல்லை. அதற்குப் பிறகு பிறக்கும் பிள்ளைகள் அனுபவிக்கிறார்கள்.